பைப்புச் சாவி நல்லம்மாள்

குடம் வைத்தவளையும் பார்ப்பதில்லை, குடத்தையும் பார்ப்பதில்லை. வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு நல்லம்மாள் பைப்பின் திருகுச் சாவியைத் திருப்புகிறாள். காது மட்டும் குடத்தின் மேல். தண்ணீர் கழுத்துக்கு ஏறும்போது சத்தம் கீச்சென்று மாறும். அந்த நொடியில் கை சாவியை மூடிவிடும். "தூக்கு, நகரு!" தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்காது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்கு இருப்பது இந்த ஒரே பைப்பு. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தண்ணீர் இலாகாக்காரர்களும் கோயில் கமிட்டியும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். வீட்டுக்கு ஒரு குடம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கமிட்டியார் சிக்கனத்தைப் பற்றிச் சொல்வார்கள். கங்காணி தன் ஆட்களை ஆற்றிலேயே குளித்துவிட்டு வரச் சொல்வார். சாவி லயத்துப் பெண் ஒருத்தியிடம் இருக்கும். அது கைமாறினாலோ தண்ணீர் வீணானாலோ, மழை வரும்வரை பைப்பை அடைத்துவிடுவார்கள்.

பெண்களே நல்லம்மாளைக் கைகாட்டினார்கள். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி இன்னொரு செம்பு கேட்டாலும் அவளுக்கு ஒரே பதில்: "தண்ணி என்ன தொரை வூட்டுச் சீதனமாடி, அள்ளி அள்ளிக் குடுக்க?" தன் குடத்தைக் கடைசியில்தான் வைப்பாள். சில நாள் அது பாதிதான் நிறையும்.

போன மாதம் அடுத்த வீட்டுச் சீதாலெட்சுமியின் மாமியார் இறந்துபோனாள். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க, பெண்கள் மூன்று குடத்தோடு வந்தார்கள். நல்லம்மாள் ஒன்றை நிரப்பிவிட்டுச் சாவியை மடியில் சொருகிக்கொண்டாள்.

"எங்க வழக்கம் மூணு குடம்க்கா!"

"போனவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. இருக்கறதுக நாக்கு வறண்டு சாவும்."

"ஒன் வூட்லயும் எழவு விழும்டி. அப்பப் பாக்கறேன்" என்று மண்ணை வாரித் தூற்றினாள் சீதாலெட்சுமி.

விழுந்தது. தண்டவாள வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நல்லம்மாளின் புருஷன் பக்கிரிசாமி வயிற்றோட்டத்தில் படுத்தவர், முந்தாநாள் போய்விட்டார். நல்லம்மாளே சாவியைத் திருப்பினாள். ஒரு குடம். "இன்னைக்காச்சும் தொறந்து விடுங்கக்கா, யாரு கேக்கப் போறா?" என்று பெண்கள் அழுதார்கள். அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நேற்று மாலை எரித்துவிட்டு வந்தார்கள். வீட்டைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் பெருக்கிவிட்டதோடு சரி.

இன்று காலை வழக்கம்போல் நானும் என் குடத்தோடு பைப்படிக்குப் போனேன். பெண்கள் குடங்களோடு நின்றார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டக் கூடாது. ஆனால் சாவி அவளிடம், தண்ணீரோ ஒரு மணி நேரத்துக்குத்தான். கதவைத் திறந்துகொண்டு வந்து சாவியைப் பைப்பில் மாட்டினாள். நெற்றியில் பொட்டில்லை.

"காலங்காத்தால இந்த மொகத்துலயா முழிக்கறது!" யாரோ முணுமுணுத்தார்கள். நாலைந்து பேர் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி குடத்தோடு திரும்பியே போய்விட்டாள். அடிப்பாவிகளா, நீங்கள் குடிக்கத்தானே அவள் வந்திருக்கிறாள்! வாய்விட்டுச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. குழாய்க்குள் காற்று புஸ்ஸென்றது, தண்ணீர் வந்துவிட்டது. யாரும் நகரவில்லை. சீதாலெட்சுமி குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள்.

நல்லம்மாள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு முக்காட்டை முகம் மறைய இழுத்து விட்டுக்கொண்டு, லயத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கையை மட்டும் பின்னால் நீட்டிச் சாவியைத் தேடிப் பிடித்தாள்.

"வைங்கடி. நான் திரும்ப மாட்டேன்."

சீதாலெட்சுமிதான் முதலில் குடத்தை வைத்தாள். தண்ணீர் விழுந்தது. நல்லம்மாளின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் கழுத்துக்கு ஏறியதும் கை சாவியை மூடியது.

"தூக்கு" என்றாள் சுவரிடம். "நகரு."