கேட்டில் கட்டிய ஹஸ்கி

ஊட்டிக்குப் போகும் மலைப்பாதையில் அரவேணுவைத் தாண்டியதும் ஒரு வளைவில் விலங்குக் காப்பகம் இருக்கிறது. அதன் கேட்டில் யாரோ ஒரு ஹஸ்கி நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் அதன் மெத்தை, தட்டு, பிரிக்காத தீவன மூட்டை. பெண்ணுக்குச் சீர் கொடுத்து அனுப்பியதுபோல எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கட்டியவர்களைத்தான் காணோம். டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறேன்.

காப்பகத்தை நடத்தும் மல்லிகா வந்து கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்கிறார். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்.

“ரோட்டுல அடிபடற நாய், மாடுகளக் காப்பாத்தத்தானுங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பொம்பளைங்க சேர்ந்து இத ஆரம்பிச்சோம். இப்பப் பாதி இடம் இப்படி விட்டுட்டுப் போற நாய்களுக்கே பத்தறதில்லீங்க.”

“இங்க ஏங்க கொண்டாந்து விடறாங்க?” என்று கேட்கிறேன்.

“கீழ வெயில் தாங்கலையாமா. இங்க குளுருல நல்லா இருக்குமாமா. டூர் வர்றப்பக் கூட்டிட்டு வந்து கட்டிப்போட்டுட்டுப் போயிர்றாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பனிநாட்டு நாயை ஆசைப்பட்டு வாங்கியபோது தெரியாத வெயில், ஊட்டியில் ரூம் போட்ட பிறகுதான் தெரிந்ததா? இதில் கருணை வேஷம் வேறு!

வளைவில் ஒரு கார் ஹாரன் அடிக்கிறது. நாய் துள்ளி எழுந்து வாலை ஆட்டுகிறது. கார் நிற்காமல் போனதும் உட்காருகிறது. அடுத்த ஹாரனுக்கு மறுபடியும் எழுகிறது.

“இனி நாள் பூரா இப்படித்தானுங்க” என்கிறார் மல்லிகா.

வண்டியில் ஏறியதும், ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்கிறேன்.

“வளைவுங்க சார். அடிக்காமப் போனா எதுத்தாப்புல வர்றவனுக்குத் தெரியாதுங்க.”

அடிக்கிறார். பின்னால் நாய் குரைப்பது கேட்கிறது. வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கும்.