ஒரே தட்டில் மூன்று பெட்டிகள்

விமானப் பணிமனையில் அவளுக்கு 'இன்னொரு தடவை' என்று பட்டப்பெயர். எதைச் சோதித்தாலும் இன்னொரு தடவை சோதிப்பாள். வீட்டில் காஸ் அடுப்பைக்கூட விடுவதில்லை என்று கணவர் கேலி செய்வார். அந்தப் பழக்கம் வந்த கதை கேலிக்குரியதல்ல.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருடம், பழைய விமானம் ஒன்றின் இறக்கைக் கம்பிகளை மாற்றினாள். விமானியின் கைப்பிடியிலிருந்து கப்பிகள் வழியாக இறக்கைவரை ஓடும் கம்பிகள். இழுத்தால் அசையும், வேறு சூட்சுமம் கிடையாது. இடதையும் வலதையும் மாற்றிக் கோத்துவிட்டாள். கைப்பிடி லகுவாகத் திரும்பியது, கையெழுத்துப் போட்டாள். கிளம்புமுன் விமானி எதற்கோ ஜன்னல் வழியே இறக்கையைப் பார்த்தார். இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கத்துக்கான அசைவைக் காட்டியது. விமானம் பறக்காமலே பணிமனைக்குத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எதையும் இரண்டு தடவை சோதிக்கிறாள்.

மின்னணுக் கட்டுப்பாட்டு விமானங்கள் வந்ததும் பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். அதில் விமானியின் கை கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் இறக்கைக்குச் சொல்லும். பிளக்கை மாற்றிச் செருக நினைத்தாலும் நுழையாது. கம்ப்யூட்டர்கள் மூன்று. ஒன்று உளறினால் மற்ற இரண்டும் அதை ஒதுக்கிவிடும். சில வருடங்கள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பிறகு ஒரு நாள், தான் ஒன்றும் செய்யாமலே விமானத்தின் மூக்கு ஒருமுறை வெடுக்கென்று தாழ்ந்ததாக ஒரு விமானி பதிவேட்டில் எழுதினார். சோதனைத் திரை 'பழுதில்லை' என்றது. இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னது.

"திரையே சொல்லுது. கையெழுத்தப் போடும்மா," என்றார் மேற்பார்வையாளர்.

"அப்ப விமானி எழுதினது, சார்?"

"காத்தா இருக்கும். காரணம் காட்டாம விமானத்த நிறுத்தி வைக்க முடியுமா?"

காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. போட்டாள்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். குழந்தையோடு மாமியாரைப் பார்க்கப் போகிறாளாம். "உங்க விமானந்தான்டி. பயப்படாம ஏறலாமில்ல?"

அந்தத் தடத்தில் ஓடுவது எந்த விமானம் என்று அவளுக்குத் தெரியும். "போயிட்டு வாக்கா," என்றாள். அக்கா போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பதினோராம் நாள் வேறொரு விமானி அதையே எழுதினார். இம்முறை அவள் திரையை நம்பவில்லை. தரைப் பலகையைக் கழற்றி, டார்ச்சோடு குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். மேலே பயணிகளுக்குக் காபி கலக்கும் இடம். அங்கிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்திருந்தது. கீழே மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில். மூன்றின் பிளக்குகளிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒன்று தவறினால் திருத்த மற்ற இரண்டு இருந்தன. மூன்றும் சேர்ந்து நனைந்தால் திருத்த யாருமில்லை.

விமானம் நின்றது. மற்ற விமானங்களையும் திறந்து பார்த்தார்கள், இன்னொன்றிலும் ஈரம். மேற்பார்வையாளர் அவள் தோளைத் தட்டினார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சுக்கா."

"யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"குழந்தைக்கு ஜன்னல் சீட் கேட்டு வாங்கினேன்டி," என்றாள் அக்கா.

இப்போது காரணம் பிடிபடாத பழுதென்றால், 'திரையில் பழுதில்லை; காரணம் தெரியவில்லை' என்று எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறாள். அதைப் படித்துவிட்டு ஒரு விமானி விமானத்தை எடுக்க மறுத்தார். மேற்பார்வையாளர் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா ரயிலில்தான் போய்வருகிறாள். போன் செய்தாலும் தங்கையின் கணவரிடம் நலம் விசாரித்துவிட்டு, தங்கையைக் கூப்பிடச் சொல்லாமலே வைத்துவிடுகிறாள்.