முப்பத்தேழு பேர் பார்த்த ஸ்டேட்டஸ்

எழில்மதி கள்ளக்குறிச்சி கருணாபுரத்துப் பெண். வயது இருபத்தைந்து. கபடியில் ரைட் கார்னர். அதாவது கோர்ட்டின் வலது ஓரத்தில் நின்று, பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கிற வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்கு அதுதான் இடம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா செத்துப்போனார். அம்மா பச்சையம்மாள் சித்தாள் வேலைக்குப் போய் வளர்த்தாள். அப்பாவின் தம்பி முனியன் நாளெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வந்த களைப்பிலும் அவளை சைக்கிளில் உட்கார வைத்துத் திடலுக்குக் கூட்டிப்போவார். ஆட்டம் முடிகிறவரை சைக்கிள் மேலேயே சாய்ந்து தூங்குவார். அந்த முனியன், 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களில் ஒருவர்.

மறு வருஷம் தை மாதம், சென்னையில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் கபடி லீக்கில் ஒரு அணி எழில்மதியை எடுத்தது. ஒப்பந்தம் இங்கிலீஷில் இருபத்திரண்டு பக்கம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். "சந்தோஷத்துல இருந்தேன். எந்தப் பக்கத்துல இன்னா எழுதியிருந்தா எனக்கு இன்னா?" என்று இப்போது சொல்கிறாள்.

ஜூன் மாதம், லீக் தொடங்குவதற்கு முன்னால் அவர்களை இரண்டு வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான், சென்னையில் புது ஜெர்சியில் எடுத்த அவள் போட்டோ வந்தது. நெஞ்சில் பெரிய எழுத்தில் ஒரு சோடாவின் பெயர். அந்த சோடாவை எந்தக் கடையிலும் அவள் பார்த்ததில்லை. அதே பெயரில் பிராந்தி இருப்பது கள்ளக்குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். போட்டோ வந்த மூன்றாம் நாள் முனியனுக்கு வருஷத் திதி. அன்று காலை எட்டு மணிக்கு எழில்மதி அந்தப் போட்டோவையே வாட்ஸப் ஸ்டேட்டஸாக வைத்து, கீழே இப்படி எழுதினாள்: "எங்க சித்தப்பா சாராயத்துல செத்து இன்னியோட ஒரு வருஷம். என் நெஞ்சுல சாராயக் கம்பெனி பேரு. கேட்டா சோடான்னு சொல்றாங்க. அந்த சோடா எந்தக் கடையில விக்கிதுன்னு யாராவது சொல்லுங்க."

முப்பத்தேழு பேர் பார்த்தார்கள். நான்கு பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள். மறுநாள் காலை ஸ்டேட்டஸ் தானாகவே மறைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து அணியின் மேனேஜர் கோகிலவாணியிடமிருந்து போன்.

"எழில், நீங்க வச்ச ஸ்டேட்டஸோட ஸ்கிரீன்ஷாட் எங்களுக்கு வந்திருக்கு. அடுத்த திங்கக்கிழமை ஆபீஸ் வந்துடுங்க. விசாரணை."

"யாரு மேடம் அனுப்பினாங்க?"

"அது இப்போ முக்கியமில்ல."

அவளுக்கு அதுதான் முக்கியமாகப் போயிற்று. ஸ்டேட்டஸ் வைத்த அன்று பூராவும், அதை யார் யார் பார்த்தார்கள் என்று பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருந்தாள். ஞாபகத்திலிருந்ததை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினாள். முப்பத்திரண்டு பெயர் வந்தது. மிச்சம் ஐந்து வரவே இல்லை. அம்மாவின் பெயரை அடித்தாள். பழைய பி.டி. டீச்சரின் பெயரை அடித்தாள். எதிர்வீட்டுக்காரியின் பெயரை அடித்துவிட்டு, யோசித்துவிட்டு, மறுபடி எழுதினாள். அந்த நாட்களில் தெருவில் யார் சிரித்தாலும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நின்று பார்த்தாள்.

கடைசியில் சந்தேகம் வந்து நின்றது ஷாலினி மேல். முனியனின் மகள், எழில்மதிக்குத் தங்கை முறை. அவளும் கபடி ஆடுகிறவள்தான். இதே அணியின் தேர்வுக்குப் போய், முதல் நாளே கழித்துவிடப்பட்டவள். ஸ்டேட்டஸ் வைத்த அன்று திதிச் சாப்பாட்டுப் பந்தியில் எழில்மதியிடம், "எங்கப்பா செத்தத ஊருக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கியே, எங்கள ஒரு வார்த்த கேட்டியாக்கா?" என்று முகத்தைச் சுளித்தாள். அது இப்போது ஆதாரமாகத் தெரிந்தது.

ஷாலினி தையல் கடையில் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். எழில்மதி வாசலிலிருந்தே கேட்டாள்.

"எனக்குக் கெடச்சது உனக்குக் கெடைக்கலன்னு அனுப்பினியா?"

"இன்னாத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஸ்கிரீன்ஷாட்ட."

ஷாலினிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் எழுந்தாள். "எங்கப்பன் செத்தத நானே கொண்டும்போயி அவங்களுக்கு விப்பனா? போக்கா. எங்க வூட்டுப் பக்கம் வராத." கடையில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எழில்மதி அந்தக் கோபத்தையும் நம்பவில்லை. மாட்டிக்கொண்டதால் கத்துகிறாள் என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை சென்னை ஆபீஸில் மேனேஜரோடு சட்ட ஆலோசகர் ஒருவரும் இருந்தார். மேஜைமேல் ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்த தாள் கிடந்தது. எழில்மதி அவர்கள் பேசியதில் பாதியைக் கேட்கவில்லை. அந்தத் தாளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நேரம் 10.40. டவர் ஒரே ஒரு கோடு. அதற்குக் கீழே, பார்த்தவர் போனில் அவள் பெயரை எப்படிப் பதிந்திருந்தாரோ அப்படியே இருந்தது: எழில் கார்னர்.

வீட்டிலும் தெருவிலும் அவள் மதி. ஷாலினி போனில் 'மதி அக்கா'. அணியில் எழிலரசி என்று ஒரு ரைடர் இருந்ததால், அணிக்காரிகள் மட்டும்தான் ஒருத்தியை எழில் ரைடர் என்றும் இன்னொருத்தியை எழில் கார்னர் என்றும் பதிந்து வைத்திருந்தார்கள். ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களில் அணிக்காரிகள் ஆறு பேர். ஐந்து பேர் பெரிய ஊர்க்காரிகள். ஒருத்தி மட்டும் டவர் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாத இடத்தில் இருந்தாள்: அவளுடைய ரூம்மேட் செல்லியம்மாள். வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமம். முழங்கால் தசைநார் கிழிந்து, ஆபரேஷனுக்காக ஊரில் காத்திருந்தாள்.

"எழில், கவனிக்கிறீங்களா?" என்றார் மேனேஜர்.

"நான் அணியப் பத்தி ஒண்ணும் சொல்லலங்க மேடம். எங்க சித்தப்பாவப் பத்தி என் போன்ல போட்டேன்."

"போன் உங்களுதுதான். போட்டோல இருக்கிறது எங்க ஜெர்சி. நாளைக்கே ஸ்பான்சர் விலகிட்டா பதினாலு பொண்ணுங்களுக்கும் ஆட்டம் இல்ல. உங்க ஒருத்தர் பேச்சுக்கு அவங்க எல்லாரும் பதில் சொல்லணுமா?"

அந்தக் கேள்வி நியாயம்தான் என்று எழில்மதிக்கே பட்டது.

சட்ட ஆலோசகர் ஒரு கடிதத்தை நீட்டினார். நான் எழுதியது உண்மைக்குப் புறம்பானது, வருந்துகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆட்டம் தடை, அத்தோடு முடிந்துவிடும். பிறகு ஒப்பந்தத்தின் பதினான்காம் பிரிவைத் தமிழில் சொன்னார். அணிக்கோ விளம்பரதாரருக்கோ இழுக்கு வரும்படி யாரும் எதையும் வெளியிடக் கூடாது. வேறு யாராவது அப்படிச் செய்தது தெரிந்தும் நிர்வாகத்துக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவும் மீறல்தான்.

"அதனால கேக்கிறோம். உங்க கூட இருக்கிறவங்க யாராவது இந்த மாதிரி பேசியிருக்காங்களா? ரூம்ல, பஸ்ல, எங்கயாவது?"

போட்டோ எடுத்த அன்று செல்லியம்மாள் ஜெர்சியைக் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்து, "பாட்டில மாட்டிக்கினு ஆடப்போறோம்க்கா" என்று சொல்லிச் சிரித்தது எழில்மதிக்கு ஞாபகம் வந்தது. பத்து நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாளே கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் பஸ் ஏறினாள். வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஜீப்பில் போய், மரவள்ளிக் காட்டின் நடுவே நடந்தாள். செல்லியம்மாள் கூரை வீட்டுக்கு வெளியே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் பட்டை. "வாக்கா" என்றாள். ஆச்சரியப்படவில்லை. அது எழில்மதிக்கு உறுத்தியது.

"நான் வருவேன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. வருவன்னு நெனச்சேன்."

"நீதான அனுப்பின?"

செல்லியம்மாள் மறுக்கவில்லை. "ஆமாக்கா" என்றாள். பிறகு மிச்சத்தைச் சொன்னாள். "நானா அனுப்பலக்கா. அன்னிக்குக் காலையில மேடமே கூப்பிட்டாங்க. உன் ரூம்மேட் ஸ்டேட்டஸ் பாத்தியான்னாங்க. பாத்தேன்னேன். பாத்துட்டு ஏன் சொல்லல, அதுவும் தப்புன்னு தெரியுமான்னாங்க. படம் எடுத்து அனுப்புன்னாங்க. அடுத்த வாரம் எனக்கு ஆபரேஷன். இன்சூரன்ஸ் பேப்பர் அவங்க கையெழுத்துக்குக் காத்துக்கினு இருக்குது. நான் இன்னா பண்ணுவேன்?"

"அப்போ மேடத்துக்கு மொதல்ல சொன்னது யாரு?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"போனக் காட்டு."

செல்லியம்மாள் போனைத் திறந்து கொடுத்தாள். அன்றைய தேதியில் மேனேஜரிடமிருந்து வந்த அழைப்பு இருந்தது. காலை 10.21. பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்தில் யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது போனில் இல்லை. எழில்மதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பிக்க இல்லன்னா எதுக்குக்கா இவ்வளவு தூரம் வந்த?" என்றாள் செல்லியம்மாள்.

"உன்னப் பத்தியும் கேட்டாங்க."

செல்லியம்மாளின் முகம் வெளிறியது. "நீ இன்னா சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் இறக்கத்தில் வளைந்து வளைந்து வரும்போது, கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்ததாம். மலையடிவாரத்து அணை கண்ணில் படும்போது அது போய்விட்டது. ஆபரேஷனுக்குப் போகிறவளை இப்படிக் கலங்கவிட்டு வந்துவிட்டோமே என்று இருந்தது. உடனே, கலங்கட்டும் என்றும் இருந்தது. எது சரி என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தாள்.

பச்சையம்மாளுக்கு மகள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் ஆசை. "ரெண்டே வரிதானடீ. போட்டுக் குடுத்துட்டு ஆடு. உங்க சித்தப்பன் திரும்பியா வரப்போறான்?" என்றாள். எழில்மதி ஒரு வாரம் யோசித்தாள். வருத்தம் தெரிவிக்க அவளுக்குத் தடையில்லை. பொய் என்று ஒப்புக்கொள்ளத்தான் கை வரவில்லை. ஒன்பதாம் நாள் தானே ஒரு கடிதம் எழுதினாள். "போட்டோவைப் போட்டது நான். அனுமதி கேட்காமல் போட்டது தவறு, மன்னிக்கவும். எழுதியது பொய் இல்லை." அதற்குக் கீழே இன்னொரு வரி: "வேறு யாரும் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியாது."

கடைசி வரிதான் பொய். எதற்கு அப்படி எழுதினாள் என்று நான் கேட்டேன். "செல்லிய நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. நம்பல. ஆனா நானும் ஒரு படம் எடுத்து அனுப்பினா, அப்புறம் நான் யார சந்தேகப்படறது?" என்றாள்.

ஒப்பந்தம் ரத்து என்று நான்கு வரியில் மெயில் வந்தது. பேப்பரில் செய்தி எதுவும் வரவில்லை. அணி வேறொரு கார்னரை எடுத்துக்கொண்டது, லீக் நடந்தது, சோடாவின் பெயர் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. செல்லியம்மாளுக்கு ஆபரேஷன் ஒழுங்காக முடிந்தது. அந்த வருஷம் அவள் ஆடவில்லை.

ஷாலினியிடம் மன்னிப்புக் கேட்க எழில்மதி போனபோது, அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். "மன்னிப்பு கேக்க வந்தியா, இல்ல லிஸ்ட்ல மிச்சம் யாராவது இருக்காங்களான்னு பாக்க வந்தியா?" பிறகு உள்ளே விட்டாள், டீ போட்டாள். இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எழில்மதி வரும்போது ஷாலினி தன் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறாள். அதை இவள் கவனிக்காமல் இல்லை.

இந்த வருஷம் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளியில் எழில்மதிக்குப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. சேரும் கடிதம் மூன்று பக்கம். அதை வீட்டுக்கு எடுத்துப்போய், இங்கிலீஷ் தெரிந்தவரிடம் வரிவரியாகக் கேட்டுவிட்டு, பள்ளியின் பெயருக்கு இழுக்கு வரக் கூடாது என்ற எட்டாவது வரிக்கு அர்த்தம் கேட்டு மறுநாள் தாளாளர் முன்னால் போய் நின்றாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையேம்மா, நீ ஏன் கேக்கிற?" என்று அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதில் சொன்னார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

செல்லியம்மாள் மாதம் ஒரு தடவை போன் செய்கிறாள். மலையில் மழை, மரவள்ளி, பயிற்சி என்று பேசுவாள். போன வாரம் பேச்சுவாக்கில், "அக்கா, இந்த வருஷமும் அதே ஸ்பான்சர்தான். நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டாள். சும்மா கேட்டிருக்கலாம். எழில்மதி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "காலு வலி கம்மியாச்சா?" என்று கேட்டாள்.