மரை பார்க்கும் பல்

என் நாத்தனார் பிறந்தவுடன் அழவில்லையாம். அறையில் ஓடிய மின்விசிறியில் ஏதோ உராய்கிறதே என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நான்தான் சொல்கிறேன். ஆனால் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே எந்த பிளக் பொறி அடிக்கவில்லை என்று அவள் சொல்வதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். அந்த வண்டிக்காரர் காலையில் என்ன சாப்பிட்டார் என்றும் சொல்லுவாள் என்பது மட்டும் நான் சேர்த்தது.

அவளுடைய பட்டறை சாலையைவிட ஒரு சாண் பள்ளத்தில் இருக்கிறது. வண்டிகள் தலைகுனிந்துதான் உள்ளே வரும். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதே உருவத்தில் வெள்ளை பெயிண்டில் நிழல் வரைந்திருப்பாள். ஒன்று காணாமல் போனால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். அவளிடம் அதிகம் வருவது பிளக் வேலை, அதிலும் மரை வேலை, அதாவது பிளக் ஏறும் திருகுத் தடத்தைச் சரிசெய்வது. மற்ற மெக்கானிக்குகள் அவசரத்தில் மரையைக் கெடுத்துவிட்டு, வண்டியைப் பூனை மாதிரி அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். யார் கெடுத்தது என்று அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது பாதிதான் என்பதில் எனக்கு ஏக வருத்தம்.

விஷயம் இதுதான். பிளக் இரும்பு. அது போய் உட்காரும் எஞ்சின் தலை அலுமினியம், இரும்புக்கு முன்னால் சோப்புக்கட்டி மாதிரி. சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையையும் உரித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் எந்த வண்டி வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும், அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "ஆறட்டும்." ஊரில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது: ஆறட்டும் அக்கா.

போன வருடம் அவள் விரல்களுக்கு வந்தது சோதனை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். அறுவை செய்த பிறகும் விரல் நுனிகளில் உணர்வு திரும்பவில்லை. ஒருநாள் கீழே விழுந்த நட்டைத் தேடித் தரையெல்லாம் துழாவினாள். நட்டு அவள் இடது கை விரல்களுக்கு இடையிலேயே இருந்தது. நான் சுட்டிக்காட்டியபோது அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க விரும்புகிறேன்.

பிளக்கை மரையில் ஏற்றுவது விரல் நுனியின் வேலை. கோணலாக ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். "பட்டறையை மூடிடு. வீட்டுல கௌரவமா உக்காரு" என்றார் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். பாசம்தான். பாசக்காரர்களிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"என் கையால ஒரு மரை கெட்டுச்சுன்னா அன்னிக்கே மூடிடறேண்ணே" என்றாள். சொன்னால் செய்பவள். வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டாக்சிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாவது பிளக்கை வழியில் தானே மாற்றியிருக்கிறார், சூட்டோடு, கோணலாக, ஸ்பானர் போட்டு முறுக்கி. நானும் என் வீட்டுக்காரரும் அப்போது பட்டறையில்தான் இருந்தோம்.

"யாருப்பா இப்படிப் பண்ணது?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு மரை கழண்ட ஆளு சார்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார் டாக்சிக்காரர். "அக்கா, எஞ்சின் தலையை இறக்கணும்னு மட்டும் சொல்லிடாதீங்க. இது நின்னா எங்க வீடே நிக்கும்."

"ஆறட்டும்" என்றாள் அவள்.

எஞ்சின் ஆறியது. பிளக் குழிகளில் காற்றடித்து மண்ணை ஊதினாள். எண்ணெய் விட்டு, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி உள்ளே விட்டு, கெஞ்சிக் கெஞ்சி நான்கையும் வெளியே எடுத்தாள். மூன்றாவதின் மரையில் அலுமினியத் துணுக்குகள் வெள்ளி மாதிரி மினுங்கின. விளக்கைப் பிடித்துக் குழிக்குள் பார்த்தாள்.

"வாசல்ல இரண்டு சுத்துதான் போயிருக்கு. கீழ மரை நல்லா இருக்கு."

மரையை வெட்டிச் சுத்தம் செய்யும் டேப் என்ற இரும்புத் திருகை எடுத்தாள். அதன் பள்ளங்களில் கிரீஸைத் தடவினாள். வெட்டுத்தூள் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் டேப் பழைய மரையில் ஏறவேண்டும். டாக்சிக்காரர் போட்ட கோணல் தடத்தில் ஏறினால் இருக்கிற மரையும் போய்விடும். வண்டியும் படுத்துவிடும், பட்டறையும் மூடிவிடும்.

"வேண்டாம்மா. வேற யார்கிட்டயாவது அனுப்பிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவள் புது ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, துடைத்து, ஒரு முனையை டேப்பின் வாலில் மாட்டிக் குழிக்குள் இறக்கினாள். மறுமுனையில் தன் முன்பல்லை லேசாக வைத்தாள்.

"என்ன அண்ணி பாக்கறீங்க? பல்லுக்கு நரம்பு நசுங்கலை."

கண்ணை மூடிக்கொண்டு குழாயைப் பின்பக்கமாகத் திருப்பினாள். பின்பக்கம் திருப்பும்போது, பழைய மரையின் நுனி சரியான இடத்துக்கு வந்தால், டேப் ஒரு மயிரிழை கீழே இறங்கும். அந்த இறக்கத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு சுற்று. இரண்டு. அவள் புருவம் சுருங்கியது. "இது கோணல் தடம்" என்று முணுமுணுத்துவிட்டு மேலும் திருப்பினாள். டாக்சிக்காரர் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது அதைவிட அதிசயம்.

அவள் கண் திறந்தது. முன்பக்கம் திருப்பினாள். டேப் வழுக்கிக்கொண்டு ஏறியது. பிறகு கைப்பிடியை மாட்டி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று இறக்கினாள். வெளியே எடுத்தபோது கிரீஸ் முழுக்க வெள்ளித் தூள். பிளக் இல்லாமலே எஞ்சினை ஒரு தடவை சுழற்றி மிச்சத்தைத் துப்ப வைத்தாள். புது பிளக்கைக் குழாயில் மாட்டி, பல்லை வைத்து, திருப்பினாள். ஸ்பானர் தொடாமலே அடி வரைக்கும் இறங்கி உட்கார்ந்தது.

"ஏதோ அதிர்ஷ்டம்" என்றார் என் வீட்டுக்காரர். "பல்லுல என்ன தெரியும்?"

மற்ற இரண்டையும் போட்டுவிட்டு, நான்காவது பிளக்கைக் குழாயில் மாட்டி அவரிடம் நீட்டினாள். "நீயே பாருண்ணே. ஆனா அந்த செட்டைக் கழட்டிட்டு ஈறை வை."

பல் செட் வைத்த நாளிலிருந்து அவர் என் முன்னால்கூட அதைக் கழற்றியதில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, கழற்றி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். பானட்டுக்குள் குனிந்தார். அவள் குழாயைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

சட்டென்று அவர் கை என் தோளைப் பிடித்தது. அவ்வளவு பெரிய எஞ்சினுக்குள், இருட்டில், ஒரு இரும்பு நுனி மயிரிழை இறங்கியதை அவர் ஈறு கேட்டுவிட்டது. இருட்டு அறையில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்தது போல இருந்தது என்று பிறகு சொன்னார்.

அவர் மெதுவாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் கடைசி பிளக்கை இறக்கி, ஸ்பானரால் அளவாக இறுக்கினாள். டாக்சிக்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"இவ மூடிட்டா ஊர்ல யாருக்குடி இது தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம். பல்லில்லாத வாயால், டாக்சிக்காரர் முன்னாலேயே. கைக்குட்டை அவர் கையிலேயே இருந்தது.