கிளப் பேரில் கடன்

கால்பந்தில் ஆப்சைடு என்றால் என்னவென்று சிவக்குமாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அது விளங்காமலேயே அவர் ஒரு கிளப்பை வாங்கினார், நடத்தினார், தொலைக்கவும் செய்தார்.

வெண்ணந்தூர்க்காரர். தோட்டம் இருந்தது. அதைவிட முக்கியமாக, போர்வெல் போடும் ரிக் வண்டிகள் மூன்று இருந்தன. கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெல்லாம் வறட்சியோ அங்கெல்லாம் போய் நிலத்தைக் குடைந்து அவை காசு அனுப்பின. ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஐம்பதைத் தொட்டதும் மனுஷருக்கு ஓர் ஏக்கம் பிடித்தது. மரியாதை சரி, யாரும் தன்னைப் பார்த்து விசில் அடிக்கவில்லையே என்று.

அந்தச் சமயம் பார்த்து ஊர்க் கால்பந்து கிளப்புக்காரர்கள் ஓர் ஆட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். மைக்கில் “தொழிலதிபர், கொடைவள்ளல்” என்று சொன்னதும் கூட்டம் விசிலடித்தது. அதே மூச்சில் பிரியாணிப் பொட்டலம் பற்றியும் அறிவித்திருந்தார்கள். விசில் எதற்கு என்று அவர் ஆராயவில்லை. அடுத்த மாதமே கிளப் விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டார். நூல் மில் நடத்திய கிளப் முதலாளி இறந்துபோக, மகன்கள் ராசிபுரம் ரோட்டோரத்து மைதானத்தோடு சேர்த்து அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள்.

சொன்ன விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் சிவக்குமாரிடம் இருந்தது. மீதிக்குச் சேலத்துப் புரோக்கர் ஒருவர் வழி சொன்னார். மைதானத்தை அடமானம் வைத்துக் கிளப் பேரிலேயே கடன் வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டே கிளப்பை வாங்கிவிடலாம். டிக்கெட் வசூலில் வட்டி கட்டிக்கொள்ளலாம். சந்தையில் மாட்டைப் பிடித்து, அதே மாட்டை அடகு வைத்து, அந்தக் காசையே மாட்டுக்காரனிடம் கொடுத்த மாதிரி. சிவக்குமாருக்கு இது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

அவர் மனைவி தனப்பிரியா கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். தீவனம் கொட்டியபடியே கேட்டாள்.

“ஏனுங்க, கடன் யாரு பேர்லீங்க?”

“கிளப் பேர்ல.”

“கிளப்பு யாரு பேர்லீங்க?”

“எம் பேர்ல.”

“அப்பக் கடன் யாரு பேர்லீங்க?”

பெண்களுக்குப் பைனான்ஸ் புரியாது என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

முதல் வருடம் அமோகம். தன் படத்தை எல்லா ஆட்டக்காரர்களின் ஜெர்சியிலும் முதுகில் அடிக்கச் சொன்னார். மீசைக்குக் கீழேதான் நம்பருக்கு இடம் கிடைத்தது. ஓர் ஆட்டக்காரர் குப்புற விழுந்தால், சிவக்குமார் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் அருணகிரி தம்மம்பட்டிக்காரர், அதிகம் பேசாதவர். அவர்கூட ஒருநாள், எதிரணிப் பையன்கள் முதுகைப் பார்த்துச் சிரிப்பதால் நம் ஆட்களுக்குக் கவனம் சிதறுகிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஜெயித்தால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் வசூல் வரும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வெற்றிக்கும் போனஸ் என்று ஒப்பந்தம் எழுதினார் முதலாளி. பையன்கள் ஜெயித்துத் தள்ளினார்கள். வசூல் முழுவதும் வட்டிக்கே போனது. சம்பளமும் போனசும் ரிக் வண்டிகள் அனுப்பிய காசில் நடந்தன.

மறு வருடம் மழை பெய்தது.

இங்கே மட்டுமல்ல, அவருடைய ரிக் வண்டிகள் நின்ற மாநிலமெல்லாம் கொட்டித் தீர்த்தது. ஏரிகள் நிரம்பின. மரவள்ளி தளதளவென்று நின்றது. ஊரே மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது, வட்டிக்காரனைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்தவர் சிவக்குமார் ஒருவர்தான். கிணற்றில் தண்ணீர் தளும்பும்போது எவன் போர் போடுவான்? வண்டிகள் மூன்றும் ஊர் திரும்பி ஷெட்டில் நின்றன. வட்டி கட்ட வேறோர் இடத்தில் வட்டிக்கு வாங்கினார். ஆட்டக்காரர்களுக்கு மாசி, பங்குனி, சித்திரை என்று சம்பளம் நின்றுகொண்டே போனது.

அந்த நேரத்தில் அணி அரையிறுதிக்கு வந்து தொலைத்தது. ஜெயித்தால் போனஸ் இரண்டு மடங்கு என்று அவரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆட்டம் நடந்த சேலத்துக்குப் போகும் வழியில் காரை ஒரு முருகன் கோயிலில் நிறுத்தி, கண்ணை மூடி வெகுநேரம் நின்றார். என்ன வேண்டுதல் என்று தனப்பிரியா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். மைதான வாசலில்தான் வாயிலிருந்து பிடுங்கினாள்: அணி தோற்க வேண்டும்.

முருகன் அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும். சம்பளம் இல்லாத பையன்கள் பேய் பிடித்தவர்கள்போல ஆடினார்கள். விஷயம் வேறொன்றுமில்லை. பெங்களூரு கிளப் ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று அருணகிரி அவர்கள் காதில் போட்டிருந்தார். ஓடிப்போவதற்காக ஓடினார்கள். கடைசி நேரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி நந்தகுமார் இரண்டு பேரைத் தாண்டிப் போய் அடித்தான் பாருங்கள், வலை பின்னால் போய் உப்பியது. சிவக்குமார் தன்னை மறந்து நாற்காலி மேல் ஏறிக் குதித்தார். கத்தினார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்தார். அப்புறம்தான் போனஸ் ஞாபகம் வந்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிந்து நந்தகுமார் வியர்வையோடு நேராக அவரிடம் வந்தான்.

“சம்பளம் மெதுவாக்கூடக் குடுங்கண்ணே. போனசாச்சும் இன்னிக்குக் குடுங்க. தங்கச்சிக்குக் காலேஜ் பணம் கட்டணும்.”

“இல்ல சாமி,” என்றார் சிவக்குமார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார், வரவில்லை. “நீங்க தோக்கோணும்னு கும்புட்டுப் போட்டு வந்தேன்.”

நந்தகுமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஜெர்சியைக் கழற்றி, மடித்து, அவர் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரமே கடன் கொடுத்த பைனான்ஸ்காரர்கள் மைதானத்தில் ஏலம் என்று போர்டு நட்டார்கள். சேலத்துப் புரோக்கர் ஆறுதல் சொல்ல வந்தார். கடன் கிளப் பேரில்தானே, கிளப் முழுகினால் முழுகட்டும், வீடும் தோட்டமும் தப்பித்தன, கையைக் கழுவிவிடுங்கள் என்றார். சிவக்குமாருக்கு அது இனித்தது. ராத்திரி சாப்பாட்டில் அதையே சொன்னார்.

“நீங்க கையக் கழுவலாமுங்க,” என்றாள் தனப்பிரியா. “அந்தத் தண்ணி அந்தப் பசங்க தலைலதானுங்க விழும்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாலு நாள் ஷெட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார். பிறகு ரிக் வண்டிகளில் இரண்டை வந்த விலைக்குத் தள்ளினார். மழை கொட்டிய வருஷத்தில் ரிக் வண்டி, அடிமாட்டு விலைதான். மைதானத்தை மீட்க அந்தப் பணம் போதவில்லை. ஆனால் சம்பளமும் போனசும் பாக்கியில்லாமல் தீர்ந்தன. மைதானம் இல்லாத கிளப்பை அருணகிரியிடமும் பையன்களிடமும் சும்மா எழுதிக் கொடுத்தார். முதல் வேலையாக அவர்கள் முதுகிலிருந்து அவர் படத்தை எடுத்தார்கள். சம்பளம் வாங்கிய தெம்போடு இறுதிப் போட்டிக்குப் போய் மூன்று கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது மைதானம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றுக்குப் போய், கோல் போஸ்ட் நின்ற இடத்தில் பந்தியில் உட்கார்ந்து சிவக்குமார் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மிச்சமிருக்கும் ஒற்றை ரிக்கோடு அவரே ஊர் ஊராகப் போகிறார். உடம்பு இளைத்து, சர்க்கரை குறைந்திருக்கிறது.

போன மாதம் பெங்களூரிலிருந்து நந்தகுமார் போன் செய்தான். அவன் ஆடும் கிளப்பைப் புது முதலாளி ஒருவர் வாங்கியிருக்கிறாராம். பெரிய கை, எல்லாம் கடன்தானாம்.

“கடன் கிளப் பேர்லயா, அவரு பேர்லயா?”

“கிளப் பேர்லதாண்ணே.”

சிவக்குமார் ரிக் இரைச்சலைவிட்டு நாலடி தள்ளிப் போனார்.

“மாசம் பொறந்த அன்னிக்கே சம்பளத்த வாங்கிப்போடு சாமி,” என்றார். “அப்பறம், அந்த ஆப்சைடுன்னா என்னன்னு ஒருக்கா சொல்லு.”