இடவலம் மாறிய இத்தாலி ஊர்

என் சித்தப்பா பொய்யர். ஒரு பிள்ளையை ஏமாற்ற ஒரு முழு ஊரையே கட்டிக் கொடுத்தவர்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அப்பா ஆட்களை மேய்க்கும் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில் வெடிவிபத்து நடந்தது. அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வரவில்லை. கேட்டால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார். சித்தப்பாதான் பதில் சொன்னார்.

"இத்தாலிக்குப் போயிருக்காரு பாப்பா. மலை மேல சின்ன ஊரு. சாமி கும்பிடுக்கு வெடி போட நம்ம ஆளுகளத்தான் கூப்பிடுவாக."

சித்தப்பா அதே முதலாளியின் அச்சாபீசில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப்போட்ட காலண்டர் தாள்தான் எங்கள் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை. அந்த வருடம் என் கணக்கு நோட்டுக்கு இத்தாலி ஊர் வந்தது. உச்சியில் நெருக்கியடித்து நிற்கும் ஓட்டு வீடுகள், சுற்றிக் கல் மதில், இடப்பக்கம் மணிக்கூண்டு, அடிவாரத்தில் ஆறு. சித்தப்பா அதில் விரலை வைத்து வரலாறே சொன்னார். படைக்குப் பயந்து மலையேறிய சனமாம். பூகம்பத்தில் ஊர் இடிந்தபோது அதே கல்லைப் பொறுக்கி அதே இடத்தில் கட்டிக்கொண்டார்களாம். பனி விழுந்தால் பாதை மூடிவிடுமாம். அதனால்தான் அப்பா வரவில்லையாம்.

எனக்கு அப்போதே சந்தேகம். மணிக்கூண்டுக் கடிகாரத்தில் எண்கள் திரும்பியிருந்தன.

"அந்த ஊர்ல கடிகாரம் அப்படித்தான் ஓடும்" என்றார்.

பலசரக்குக் கடைக் காலண்டரில் அதே ஊரைப் பார்த்தேன். மணிக்கூண்டு வலப்பக்கம், எண்கள் நேராக. மறுபடி கேட்டேன்.

"அது ஊருக்குப் பின்னால நின்னு எடுத்த படம்."

"அப்ப ஆறு ரெண்டு பக்கமும் ஓடுதா?"

"உன்னைய வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும்" என்று சிரித்தார். பிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்ததால் கழிந்த தாள் அது என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அந்தத் தாளைத் தாண்டி அவருக்கு அந்த ஊர் தெரியாது.

இவ்வளவு சந்தேகப்பட்ட நானும் பள்ளிக்கூடத்தில் அந்த ஊரைக் காட்டிப் பெருமையடித்தேன். பக்கத்தில் இருந்தவள் அதே விபத்தில் அம்மாவை இழந்தவள். வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"அங்கனயும் வெடிச்சா ஆளு செத்துப் போவாகளா?"

"அதெல்லாம் இல்ல. எங்க அப்பால்ல வெடி போடுறாரு."

அவள் அட்டையைக் கிழித்துப் போட்டாள். எனக்கு ஏனென்று விளங்கவில்லை.

அப்பா திரும்பி வந்தது ஜெயிலிலிருந்து. முதலாளி ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. சித்தப்பா அதற்குள் அச்சாபீசுக்கு மேனேஜர் ஆகியிருந்தார். அப்பா எதையும் சொல்லாமலே செத்துப்போனார்.

சித்தப்பா, பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கோயில் வாசலில் மைக் பிடித்துப் பேசப்போவது நீங்கள்தான். என் அம்மாவும் இருப்பார், அட்டையைக் கிழித்தவளும் இருப்பாள். விபத்தன்று ஒரே அறையில் அத்தனை பேரை அடைத்து உட்காரவைக்கச் சொன்னது முதலாளி என்று தெருவுக்கே தெரியும். அப்படியிருக்க, பழியை ஏற்கச் சொல்லி அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனது யார்? அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.