தெரியாத ஆட்டம்

சுப்ரமணி இரும்புக்குண்டை வேட்டி முனையில் துடைத்துவிட்டு, "இது என்னா ஆட்டம்பா? நமக்குத் தெரியாதே" என்கிறார். பிறகு முழங்காலை லேசாக மடக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்கக் குண்டை வீசுகிறார். அது மண்ணில் விழுந்து, கொஞ்சம் உருண்டு, இலக்காகப் போட்ட சின்ன மரக்குண்டை உரசி நிற்கிறது.

"தெரியாதாம்! தெரியாமயே நம்ம மானத்த வாங்குறாரு" என்கிறார் கோவிந்தசாமி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்தப் பெத்தாங் ஆட்டத்தில் நாற்பது வருடப் பழக்கம். "யோவ், நேத்தும் இதத்தான்யா சொன்ன."

"நேத்தா? நான் இங்க வந்ததே இல்லியே."

அவரைப் பொறுத்தவரை பொய் இல்லை. சுப்ரமணி தட்டாஞ்சாவடியில் முப்பது வருடம் லேத் மெஷின் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்தது. அதற்கு முந்தையது எல்லாம் நினைவிருக்கிறது: எந்த இரும்புக்கு எந்த வேகம், கல்யாணத்தன்று பெய்த மழை. பிந்தையது எதுவும் பத்து நிமிடம் தாண்டி நிற்பதில்லை.

மகள் சரிதா ஸ்கேன் மெஷின்களைப் பழுது பார்க்கும் பொறியாளர். அப்பாவின் படத்தைத் திரையில் அவளே பார்த்தாள். கன்னப்பொட்டுக்கு உள்ளே, இரண்டு பக்கமும், சுண்டுவிரல் அளவில் ஒரு பகுதி இருக்க வேண்டும். நடந்ததைப் பதிந்துவைப்பது அது. அந்த இடத்தில் கறுப்பு.

ஆனால் குண்டு இலக்குக்குக் கிட்டப் போகிறது. நம்பாமல் டேப் வைத்து அளந்தாள். அவர் ஆட வந்த முதல் மாதம் சராசரியாக ஒன்றரை மீட்டர் தள்ளி விழுந்தது. இப்போது முப்பது சென்டிமீட்டர். கை பழகுவது மூளையில் வேறிடத்தில் பதிகிறது என்று அவள் படித்திருக்கிறாள். படித்தது வேறு. தினமும் ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிற மனிதர் வாரத்துக்கு வாரம் தேறுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. சில நாள் டேப்பைச் சுருட்ட மறந்து அப்படியே நின்றுவிடுவாள்.

அம்மா அஞ்சலாட்சி இறந்து எட்டு மாதம். அதுவும் அவருக்குப் பதியவில்லை. "அம்மா எங்கம்மா?" என்று கேட்டார். சரிதா உண்மையைச் சொன்னாள். விழுந்து அழுதார். அரைமணி கழித்துத் திரும்பவும் கேட்டார். முதல்முறை போலவே அழுதார். பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள், "காலாப்பட்டுல சித்தி வூட்டுக்குப் போயிருக்காங்கப்பா" என்றாள்.

"சொல்லிட்டுப் போவக் கூடாதா அவ?"

கோபம் தேவலை. அன்றிலிருந்து அந்தப் பொய்தான். அம்மாவுக்காக அழ அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்ததும் அவர் கதவைத் தட்டி, "அஞ்சலா, தொற" என்று குரல் கொடுப்பார். பின்னால் நிற்கும் சரிதா, சித்தி வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறப்பாள். எட்டு மாதமும் இதேதான்.

போன வியாழக்கிழமை கதவுக்கு எதிரே நின்றார். தட்டக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. கூப்பிடவில்லை.

"என்னாப்பா?"

"தெரியலம்மா."

திரும்பாமலே, தூக்கிய கையைப் பின்னால் அவள் பக்கம் நீட்டி, சாவிக்காக உள்ளங்கையை விரித்தார்.